சுண்டுவிரலில் ஒரு முடி

எட்டு மாதக் குழந்தை காலையிலிருந்து கீச்சுக்குரலில் வீறிட்டுக்கொண்டிருந்தது. பசியில்லை, காய்ச்சலில்லை, காதிலும் வயிற்றிலும் கோளாறில்லை. மருத்துவமனையில் நர்ஸ் காலுறையைக் கழற்றியபோதுதான் காரணம் தெரிந்தது. கால் சுண்டுவிரலை ஒரு தலைமுடி ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது.

"என்னம்மா நீ, பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு தலைய முடிஞ்சுக்க மாட்டியா?"

நர்ஸ் பிரித்தெடுத்த முடி இரண்டு முழம் இருந்தது. அப்புறம்தான் குழந்தையின் தாயை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கோ காதோடு கத்தரித்த கிராப்பு.

"வீட்ல வேற யாரு இருக்கா?"

யாருமில்லை. கணவன் வெளியூரில் இருந்தான். முந்தாநாள் மதியம் அழுகை தாங்காமல், "யாராவது வந்து இதத் தூக்கிட்டுப் போங்களேன்!" என்று வெற்றுவீட்டில் கத்தியதை எந்த முகத்தோடு சொல்வது? கூனிக்குறுகி, "அக்கா வந்திருக்கா" என்றாள்.

"அப்ப அவங்ககிட்ட சொல்லி வை."

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"புத்தி கெட்டுப்போயி கூப்பிட்டுட்டேன். இனிமே நானே பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழந்தை அவள் தோளிலிருந்து எம்பி, வாசல் பக்கம் இரண்டு கைகளையும் நீட்டி, அம்மா வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் அழுவதுபோல அழுதது.