போகிற தூரம் மட்டும்

நூற்று எண்பத்தேழா, நூற்று எண்பத்தெட்டா? காலையிலிருந்து வீப்கே இந்த ஒரு நாளிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

சமையலறை மேசைமேல் கணவர் ஒன்னோவின் கடைசி வருமான வரிப் படிவம். போன வருடம் அவர் எத்தனை நாள் வேலைக்குப் போனார், வீட்டிலிருந்து கப்பல் கட்டும் தளம் எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டு கட்டம்தான் பாக்கி; வேலைக்குப் போன தூரத்துக்கு வரியில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். போகிற தூரத்தை மட்டும் எழுதினால் போதும். திரும்பி வருகிற தூரத்தை வரி அலுவலகம் கேட்பதே இல்லை.

முப்பத்தொன்று என்று எழுதிவிட்டாள்.

நாள்தான் இடித்தது. ஒன்னோ வீடு திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவர்க் காலண்டரில் ஒரு டிக் போடுவார். அந்தக் காலண்டரை அவள் இன்னும் இறக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் நூற்று எண்பத்தேழு டிக்.

நவம்பர் பதினான்குக்கு டிக் இல்லை.

அன்று மூடுபனி. பத்தொன்பதாவது கிலோமீட்டரில், கால்வாய் வளைவில், கார் மரத்தில் மோதியது. காலை ஐந்து இருபதுக்கு உயிர் போய்விட்டதாக போலீஸ் எழுதியிருந்தது.

"போய்ச் சேந்தாத்தான் அண்ணி அது ஒரு நாளு. பாதி வழிக்கெல்லாம் சட்டத்துல எடமில்ல," என்றான் கொழுந்தன் ஃபோல்கெர்ட். ஊரில் பாதிப் பேருக்கு வரிப் படிவம் நிரப்பித் தருகிறவன் அவன். கோப்பையிலிருந்த கற்கண்டின்மேல் சூடான தேநீரை ஊற்றி, அது வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே, "விட்டாத்தான் என்ன, சில்லறைக் காசு," என்றான்.

காசு யாருக்கு வேண்டும்! அன்று காலை ஜன்னலைப் பார்த்துவிட்டு, இன்னைக்கு வேணாமே என்றார் ஒன்னோ. அவள்தான், பனிக்கெல்லாம் பயந்தா பொழப்பு நடக்குமா என்று விரட்டினாள். "சரி, போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தான் விரட்டியனுப்பிய அந்த நாள் கணக்கில்கூட வராமல் போவதை அவளால் தாங்க முடியவில்லை.

தளத்திலிருந்து அவள் கேட்டிருந்த வருகைச் சான்றிதழ் அன்றைக்குத்தான் தபாலில் வந்தது. பிரித்தாள்.

நூற்று எண்பத்தெட்டு.

"தப்பாப் போட்டிருப்பானுங்க," என்று ஃபோல்கெர்ட் போனை ஸ்பீக்கரில் போட்டு, தளத்தின் கேட்டில் இருக்கும் அலுவலகத்தைக் கூப்பிட்டான். எடுத்தவள் வேலைக்குப் புதியவள் போலிருந்தது. ஒன்னோவின் பெயரைக் கேட்டு அவள் குரல் மாறவில்லை.

"பதினாலா? வந்திருக்காரே. காலைல அஞ்சு நாப்பத்தெட்டுக்குக் கார்டு தேய்ச்சிருக்காரு."

ஃபோல்கெர்ட்டின் கரண்டி தட்டில் விழுந்தது.

"வெளிய போனது எப்போ?" என்று கேட்டாள் வீப்கே.

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம்.

"இருங்க... வெளிய போனதாவே இல்லையே. அட, அது இவர்தானா! அஞ்சு மாசமா சாயந்திரம் ஆள் எண்ணும்போது உள்ள ஒருத்தர் கூடுதலாக் காட்டுது. தேடித் தேடி எங்களுக்குக் காலே ஓஞ்சு போச்சுங்க."

ஃபோல்கெர்ட் எழுந்து நின்றுவிட்டான்.

வீப்கே பேனாவை எடுத்து, கட்டத்தில் நூற்று எண்பத்தெட்டு என்று எழுதினாள். பிறகு போன் பக்கம் குனிந்தாள்.

"இன்னைக்குத் தேடும்போது பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. அந்த நாள் கணக்குல சேந்துடுச்சு, வீட்டுக்கு வரலாம்னு வீப்கே சொன்னதாச் சொல்லுங்க."

அந்தப் பெண் சிரித்தாள். கிண்டல் என்று நினைத்திருப்பாள்.

மாலை ஆறு மணிக்கு அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். இப்போது சிரிப்பில்லை.

"அம்மா... இன்னைக்கு ஆள் கணக்கு சரியா வந்துடுச்சு."

திரும்பி வர முப்பத்தொரு கிலோமீட்டர். வீப்கே பேனாவைக் காலண்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.