பல்லில் கவ்விய ரிப்பன்

கரமனையில் ஒரு பழைய வீட்டில் டிவி தொடருக்குப் படப்பிடிப்பு நடக்கிறது. புருஷன் விட்டுப்போன தாயாக நடிக்கிறாள் ஜெபமலர். வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு அதே வேஷந்தான். காட்சியில், பள்ளிக்குக் கிளம்பும் மகள் அப்பாவைப் பற்றிக் கேட்டதும் அவள் அழவேண்டும். டைரக்டர் கிளிசரின் குப்பியை நீட்டுகிறார். "கண்ணீர் வேணும் சேச்சி. இல்லேன்னா வேற ஆளைப் பாக்கேன்." "வாசல்ல ஸ்கூல் வண்டி ஹார்ன் அடிக்கும்போ எவ சாரே உக்காந்து அழுவா?" குப்பியை ஜன்னலில் வைத்துவிட்டு, சிவப்பு ரிப்பனைப் பல்லில் கவ்விக்கொண்டு மகளாக நடிக்கும் சிறுமிக்குத் தலை பின்னுகிறாள். கேமரா ஓடுகிறது. சீப்பின் மேல் வெயில் நடுங்குகிறது. "அப்பா எப்பம்மா வருவாங்க?" ஜெபமலரின் விரல்கள் ஒரு கணம் நிற்கின்றன. பிறகு பின்னலைச் சுண்டி இறுக்குகின்றன. கவ்விய ரிப்பனோடு அவள் சொல்கிறாள்: "தலைய ஆட்டாதேட்டி, வண்டி வந்தாச்சு."