பின்னிருக்கை

அமெரிக்காவின் டொலீடோ நகரில் பனி தூறுகிறது. கல்லூரிப் பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்த யாரோ ஒருவரின் காரை ஓட்டிப் பார்க்கிறேன். பிரேக்கை நேற்று நானே மாற்றினேன். பக்கத்தில் ஆசிரியர் ஹாலிஸ் கண்ணை மூடிக்கொண்டு, கீச்சொலி போய்விட்டதா என்று கவனிக்கிறார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது சாலையோரப் பேருந்து நிறுத்தத்தில் அம்மா. முதியோர் இல்லத்துச் சீருடைக்கு மேல் என் பழைய கோட்டு. கல்லூரிக் கட்டணத்தை அரசு உதவித்தொகை பார்த்துக்கொண்டது. ஆனால் இந்தத் தொழிலில் அவரவர் கருவிகளை அவரவர்தான் வாங்க வேண்டும். என் கருவிப்பெட்டிக்காக அம்மா தன் காரை விற்றாள். வேலை கிடைத்ததும் புதுசே வாங்கித் தருகிறேன் என்றேன். தொடக்கச் சம்பளம் அவளுடையதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்பது போன வாரம்தான் தெரிந்தது. இன்னும் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்குகிறேன், அம்மா கிட்டே வருகிறாள். “எவ்ளோ அமைதியா ஓடுதுடா! நம்ம வண்டி தெருமுனையிலயே கத்துமே” என்று சிரிக்கிறாள். மூக்கு சிவந்திருக்கிறது. நான் ஹாலிஸைப் பார்க்கிறேன். “அடுத்தவங்க வண்டி, வெஸ்லி. வெளியாள ஏத்தக் கூடாது” என்கிறார் தணிந்த குரலில். பின்னிருக்கையில் நாய்க்காக விரித்த கம்பளி, அதில் வெள்ளை ரோமம். அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். “பஸ் இப்ப வந்துரும். நீ போடா, பச்சை விழுந்துருச்சு.” கிளம்புகிறேன். பின்பார்வைக் கண்ணாடியில் அம்மா கால்களை மாற்றி மாற்றித் தரையில் தட்டிக்கொள்கிறாள். அடுத்த முனையில் பிரேக்கை அழுத்தச் சொல்கிறார் ஹாலிஸ். “சத்தம் ஏதாச்சும் கேக்குதா?” “இல்ல சார்” என்கிறேன். “ஒண்ணுமே கேக்கல.”