மரப்பாச்சிக்குச் சம்பந்தம்

"ரெண்டே பேருதானா? சம்பந்தம் பேச ஒத்தைப்படையா வரணும்னுகூடத் தெரியாதா அண்ணாச்சி?"

போளிக் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டாள் ஆவுடைத்தாய். மருந்துக்குக்கூட ஒரு 'வாங்க' இல்லை.

சுந்தரபாண்டியனுக்குச் சுருக்கென்றது. "மூணு பேரு வந்திருக்கோம் அக்கா" என்று மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். உள்ளே, சரிகைக் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு முழ உயர மரப்பாச்சி ஜம்மென்று படுத்திருந்தது.

கோவில்பட்டியில் பழைய பொம்மை, சொப்பு, அஞ்சறைப்பெட்டி என்று சேர்த்துவைத்திருக்கும் சின்ன மியூசியத்துக்கு அவர்தான் காப்பாளர். இந்த மரப்பாச்சியின் ஜோடி கடம்பூர் போளிக்கடை ஆவுடைத்தாயிடம் இருப்பதாகத் துப்புக் கிடைத்ததும் போன் போட்டார். "எங்க பிள்ளைய விலை பேச மாட்டேன். சம்பந்தம்னா முறையா வாங்க" என்று பட்டென வைத்துவிட்டாள்.

நாளைக்குப் பொம்மை அறை திறப்பு விழா. அழைப்பிதழில் 'ஜோடி மரப்பாச்சி' என்று கொட்டை எழுத்தில் அடித்தாயிற்று. கண்ணாடிப் பெட்டியிலோ பாதி இடம் காலி. ஊர் சிரிக்குமே!

அதனால்தான் டிக்கெட் கொடுக்கிற வள்ளிமயிலையும் கூட்டிக்கொண்டு, செண்பகவல்லி அம்மன் கோயில் குங்குமம், மல்லிகைப்பூ, கடலை மிட்டாய் சகிதம் தாம்பாளத்தோடு பஸ் ஏறிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அல்லவா? நடையிலேயே ஒரு மிடுக்கு.

அந்த மிடுக்கைத்தான் இந்த அம்மாள் வாசலிலேயே மாவு பிசைகிற மாதிரி பிசைந்துகொண்டிருந்தாள்.

"உக்காருங்க. என்ன கொண்டாந்திருக்கீங்க?"

"பூ, குங்குமம், கடலை மிட்டாய்."

"இனிப்புக் கடைக்கே இனிப்பா!" என்று சிரித்தவள், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பொண்ணு வீட்டுக்கு இம்புட்டு வாயா?" சுந்தரபாண்டியன் பல்லைக் கடித்தார்.

"பொறுங்க சார். அழைப்பிதழ் அடிச்சாச்சு" என்றாள் வள்ளிமயில். "நாளைக்கு அந்தக் காலி இடத்துல உங்களையா நிறுத்த முடியும்?"

ஆவுடைத்தாய் பட்டுத் துணியில் பொதிந்து தன் மரப்பாச்சியைக் கொண்டுவந்தாள். தேய்ந்து மழுங்கிய முகம் மட்டும் வெளியே தெரிந்தது. சுந்தரபாண்டியனுக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. என்ன களை! கைகூப்பாத குறை.

"எங்க பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது" என்றாள் அவள். "சரஸ்வதி பூசைக்குப் பூசை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுதேன். உங்க பிள்ளைய எப்படி வச்சிருக்கீங்க?"

"ராசா வீட்டுப் பிள்ளை மாதிரி! தனிக் கண்ணாடி அறை. தலைக்கு மேல விளக்கு. கரையான் வராம வாராவாரம் பார்க்கோம்."

"நாலு பேரு பார்க்க வாராங்களா?"

"பள்ளிக்கூடப் பிள்ளைக அம்புட்டும் வருது. யாரும் தொட முடியாது."

"ஐயையோ!" ஆவுடைத்தாய் கன்னத்தில் கை வைத்தாள். "யாருமே தூக்குறது இல்லையா? பாவம்லா!"

சுந்தரபாண்டியன் மஞ்சள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வள்ளிமயில் குனிந்து சிரித்தாள்.

"இந்தக் கோட்டையாவது கழத்தக் கூடாதா? வேக்காடு தாங்காதே!"

"பழைய துணி அக்கா. தொட்டாப் பொடிஞ்சிரும். மியூசியத்துக்கு வந்த நாள்லயிருந்து நாங்க கழத்தினதே இல்ல."

"அது சரி!" அவள் ஏனோ விழுந்து விழுந்து சிரித்தாள். ஆளுக்கு இரண்டு போளி சுடச்சுட வந்தது.

"சரி அண்ணாச்சி. எனக்குச் சம்மதம்" என்றாள் கடைசியில். "ஆனா முறைன்னா முறைதான். பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போகணும்."

"பொறவு? அதுக்குத்தான வந்திருக்கோம்!" சுந்தரபாண்டியன் துள்ளி எழுந்தார். வள்ளிமயில் அந்த இடத்திலேயே குலவை போட்டாள். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

ஆவுடைத்தாய் குங்குமத்தை எடுத்தாள். மஞ்சள் பையில் இருந்த மரப்பாச்சியின் நெற்றியில் வைத்தாள். அப்படியே அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது காலை எடுத்துவைத்துத் தன் வீட்டுக்குள் நடந்தாள்.

"அக்கா! அக்கா! அது எங்களது! எங்கன கொண்டுபோறீங்க?"

"எங்க வீட்டு மருமகள எங்க வீட்டுக்குள்ளதான் கொண்டுபோறேன்."

அவர் பதறிப் பிடிக்கப் போக, தலைப்பாகை நழுவிக் கீழே விழுந்தது. உள்ளே, அழகாகச் செதுக்கிய கொண்டை!

"சார், நாமதான் பொண்ணு வீடு!" என்று அலறினாள் வள்ளிமயில்.

"எங்க கொள்ளுப்பாட்டி ஜோடி இது. அவங்க மகள்க, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கிட்டாவ. கோவில்பட்டிக்குப் பொண்ணு பொம்மை போச்சு. அங்கன எந்தக் குறும்புக்காரப் பயலோ கோட்டு மாட்டிவிட்டிருக்கான்" என்றாள் ஆவுடைத்தாய்.

வந்த மிடுக்கெல்லாம் வடிந்துபோய் நின்றார் சுந்தரபாண்டியன். டீக்கடைக் கண்கள் எல்லாம் இங்கேதான் இருந்தன. என்ன நினைத்தாரோ, தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, அந்தச் சின்னத் தலையை மூடி உடம்போடு போர்த்திவிட்டார்.

ஆவுடைத்தாய் அதைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த பொண்ணோடு தன் பட்டுப் பொதியையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்படிப்பட்ட அப்பங்கிட்டயிருந்து பொண்ணைப் பிரிச்சா அம்மன் என்னைச் சும்மா விடாது அண்ணாச்சி. எங்க பயலை வீட்டோட மாப்பிள்ளையா கூட்டிட்டுப் போங்க!"