வாடைக்கொண்டலின் பேஸ் கிட்டார்

ஜெபிஷா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

மேடையில் ஸ்டெபின் தலையை ஆட்டி ஆட்டி பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். ஆனால் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் காலடிப் பெட்டியில் சொருகியிருக்க வேண்டிய அவன் கிட்டார் வயர், சும்மா தரையில் கிடந்தது.

அப்படியானால் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் அபிலாஷைப் பார்த்தாள். வலது கை பாட்டோடு போக, இடது கை தனியாகத் தும் தும்மென்று பேஸ் சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தது.

கேமராவை இறக்கினாள்.

தூத்துக்குடிப் பையன்கள் கடற்காற்றின் பெயரில் நடத்தும் 'வாடைக்கொண்டல்' பேண்டுக்கு அவளைவிடப் பெரிய ரசிகை கிடையாது. அவள் வீட்டுக் குட்டிப் பாப்பா தூங்குவதே அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான். பத்திரிகைக்கு அவர்களைப் பற்றிக் காலையில்தான் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். போட்டோ எடுக்கத்தான், சர்ச்சில் ஊருக்கே சோறு போடும் இந்த அசன விழாவுக்கு வந்ததே. கட்டுரையில் அவளுக்கு ரொம்பப் பிடித்த வரி: 'ஸ்டெபினின் பேஸ், துறைமுகத்துக் கப்பல் எஞ்சினைப் போல நம் நெஞ்சுக்குள் உறுமுகிறது.'

உறுமியது அபிலாஷின் இடது கை!

ஆசிரியர் வேறு காலையிலேயே கிண்டல் பண்ணியிருந்தார். "கட்டுரை கேட்டா கல்யாண வாழ்த்து மடல் அனுப்பியிருக்கியேம்மா!"

ஜெபிஷா போனை எடுத்தாள். "சார், கட்டுரையை நிறுத்தி வைங்க. பெரிய விஷயம் ஒண்ணு மாட்டியிருக்கு."

"அப்படிப் போடு! ஏழு மணிக்குள்ள வரணும்."

போதகர் பேச எழுந்ததும் பாட்டுக்கு இடைவேளை விட்டார்கள். மேடைக்குப் பின்னால் பாடகன் டேவிட்சனைப் பிடித்துவிட்டாள்.

"ஏலே, இங்கன வா. ஸ்டெபின் வாசிக்கானா, நடிக்கானா?"

டேவிட்சன் முகம் செத்துப்போனது. "கண்டுபிடிச்சிட்டீயளாக்கா?"

"இத்தன சனத்த ஏமாத்துதீய, வெக்கமா இல்ல?"

"கத்தாதீயக்கா. போன வருசம் ஹார்பர் ரோட்டுல உப்பு லாரிக்குப் பின்னால பைக்க மோதுனது நாந்தான். எனக்கு ஒரு கீறல் இல்ல. பின்னால இருந்த அவனுக்கு இடது கையில ரெண்டு விரல் மடங்காமப் போச்சு. இப்ப வாசிச்சா எல்லாமே தப்புத் தப்பா வருது."

"அதுக்கு?"

"அவன எப்படிக்கா எறங்குன்னு சொல்லுவேன்? சவுண்டு மிக்சர்ல இருக்க ஆள்ட்டச் சொல்லி அவன் சத்தத்த அமுத்திருவோம். அவன் முன்னால இருக்க ஸ்பீக்கர்ல மட்டும் கேக்கும், சனத்துக்குப் போவாது. அவனுக்கு இது தெரியவே தெரியாது. எழுதிராதீயக்கா, நொறுங்கிப் போவான்."

"சத்தத்த அமுத்துதீய, சரி. வயர எதுக்குப் புடுங்கிப் போட்டிருக்கீய?"

"வயரா? எந்த வயரு?"

ஓடிப்போய்ப் பார்த்தான் டேவிட்சன். "யார் காலோ தட்டியிருக்கு" என்று பதறி, சட்டை நுனியால் துடைத்து, வயரைப் பெட்டியில் சொருகிவிட்டு வந்தான். "நல்லவேளை, அவன் பாக்கல."

ஜெபிஷாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் நாலு வரி அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள். அசனச் சோறு வெந்துகொண்டிருந்த அடுப்புகள் வரைக்கும் நடந்தாள், திரும்பி வந்தாள். பாவப்பட்டுச் செய்தாலும் ஏமாற்று ஏமாற்றுதானே? இதை மறைத்துவிட்டு, ஊருக்கெல்லாம் கப்பல் எஞ்சின் என்று எப்படிச் சொல்வது? ஆசிரியரின் பெயர் போனில் மின்னியது. எடுக்கவில்லை.

அப்போது ஸ்டெபின் மற்றவர்களுக்கு முந்தியே மேடைக்கு வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். குனிந்து, டேவிட்சன் சொருகிவைத்த வயரைப் பூப்போல உருவித் தரையில் போட்டான்.

"ஸ்டெபின்!"

திடுக்கிட்டுத் திரும்பியவன், அவளைக் கண்டதும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"மெதுவாக்கா. இன்னைக்கு மிக்சர்ல புது ஆளு. என் சத்தத்த அமுத்த மறந்துட்டாம்னா பாட்டே நாறிரும்லா!"

ஜெபிஷா மேடையோரம் நெருங்கினாள். "அப்ப உனக்கு எல்லாம் தெரியுமா?"

"அடிபட்டது விரல்லதானக்கா, காதுல இல்லயே."

"தெரிஞ்சுமா வந்து நிக்க?"

ஸ்டெபின் மைக்கின் பக்கம் பார்த்தான். டேவிட்சன் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தான்.

"நான் கட்டுப் போட்டு வீட்டுல கெடந்தப்ப அவன் மைக்கத் தொடவே இல்லக்கா. பாட்டே வேண்டாம்னுட்டான். நான் கிட்டாரோட வந்து பக்கத்துல நின்ன அன்னைக்குத்தான் வாயத் தொறந்தான். எறங்குனேம்னா திரும்ப மூடிருவான். அவன்ட்ட சொல்லிராதீய, என்ன?"

மேடை விளக்குகள் எரிந்தன. டேவிட்சன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஸ்டெபின் இருக்கிறான் என்று தெரிந்ததும் பாட ஆரம்பித்தான்.

போன் மறுபடியும் அடித்தது. "என்னம்மா, அந்தப் பெரிய விஷயம் என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார். மேடையில ஒரு வயர் கழண்டு கிடந்துச்சு, அவ்வளவுதான். காலையில அனுப்புனதையே போட்டுருங்க."

"அந்தக் கப்பல் எஞ்சின் வரி மட்டும் கொஞ்சம் ஓவரா இருக்கு. எடுத்துரவா?"

"ஐயோ, வேற எதுல வேணும்னாலும் கை வைங்க சார். அந்த வரி அப்படியே இருக்கட்டும்!"