மண்டையோடு ஒட்டிய கேன்

பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் பேக்கிங் கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்து ஓய்கிறது. கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் வெள்ளைத் தூசி மிதக்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான கெமிஸ்ட் பெண் வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறாள். எதிரே, இருபது வருடமாக இங்கே மூட்டை தூக்கும் அவள் அப்பா, அண்ணாந்து ஒரு கேனை வாய்க்கு மேலே கவிழ்க்கிறார். கேனின் வயிற்றில் மண்டையோடு பல்லைக் காட்டுகிறது. பாய்ந்து தட்டிவிடுகிறாள். கேன் உருண்டு தரையெல்லாம் நனைகிறது. "அடிப்பாவி, குடிக்கிற தண்ணிம்மா அது!" அப்பாவுக்குப் புரை ஏறுகிறது. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வெடித்துச் சிரிக்கிறார்கள். "மேடம் படிச்ச படிப்புக்கு ஒரு கேன் தண்ணி போச்சு," என்கிறாள் லேபிள் ஒட்டுகிற அக்கா. "அடுத்த ஷிப்ட்காரனுங்க நம்ம தண்ணியைக் குடிச்சுத் தீர்த்துடறானுங்க. அதான் இந்தப் படத்தை ஒட்டி வச்சோம். இப்ப ஒருத்தன் கிட்ட வரணுமே!"

"அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? இதையும் மருந்தையும் ஒரே மூலையிலயா வைப்பீங்க?" அவள் குரல் கிறீச்சிடுகிறது. "எங்களுக்குத் தெரியாதா, போம்மா," என்று அப்பா வேறு கேனை எடுக்கப் போகிறார். சுவரோரம் நான்கு கேன்கள் நிற்கின்றன. ஒரே நிறம், ஒரே அளவு, நான்கிலும் அதே மண்டையோடு. அவர் கை ஒன்றின் மூடியைத் தொடுகிறது. பிறகு பக்கத்துக் கேனுக்குப் போகிறது. அதைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. சிரிப்பு அடங்கிவிட்டது. "தங்கச்சி," என்கிறார் அப்பா லேபிள்காரியிடம், திரும்பாமலே. "காலையில நீ தண்ணி பிடிச்சது எதுல?" லேபிள் ஒட்டுகிற அக்கா எழுந்து வந்து முதல் கேனைக் காட்டுகிறாள். பிறகு விரலை மூன்றாவது கேனுக்கு நகர்த்துகிறாள்.