உம்ராணிகர் எழுதிய ஒரே முன்னுரை

ஐந்து பக்க முன்னுரையின் விலை அறுநூற்றைம்பது சதுர அடி.

மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்தது, லிஃப்ட் உண்டு. ஒப்பந்தப் பத்திரம் என் பைக்குள் இருந்தது. முன்னுரை கைக்கு வந்ததும் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி, கட்டட முதலாளி சம்பத்ராவ் ஜகதாளே கீழே காரில் காத்திருந்தார்.

ஜகதாளே புணேயில் பாதித் தெருக்களை இடித்துக் கட்டியவர். கூடவே கவிதையும் எழுதுகிறார். நான் அவருடைய பதிப்பாளன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காகிதம் விற்கிறது. அதில் மராத்திக் கவிதையை அச்சடித்தால் வெள்ளைத் தாளின் விலைகூடத் தேறாது என்று அப்பா சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

முன்னுரை எழுத வேண்டியவர் பாஸ்கர் உம்ராணிகர். நாற்பது வருஷமாகத் தீபாவளி மலர்களில் கவிஞர்களைத் தோலுரித்துத் தொங்கவிட்டவர். இதுவரை யாருக்கும் முன்னுரை என்று ஒரு வரி எழுதியதில்லை.

அவர் குடியிருக்கும் பழைய மரவீட்டை மழைக்கு முன் ஜகதாளே இடிக்கிறார். மற்றக் குடித்தனக்காரர்களுக்குப் புதுக் கட்டடத்தில் இடம் உண்டு. இவருக்குச் சட்டப்படி ஒன்றுமில்லை. வாடகை ரசீது இன்னும் செத்துப்போன அண்ணன் பேரில் இருக்கிறது. பேர் மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை; அடுத்தவன் கவிதையில் குற்றம் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

மேஜைமேல் ஜகதாளேயின் கைப்பிரதி. இரண்டு வாரமாக அங்கேயே கிடக்கிறது. உம்ராணிகர் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேரத்தை ஆரம்பித்தேன். ஐந்து பக்கம் வேண்டாம், மூன்று போதும் என்றேன். மூன்றும் கஷ்டமென்றால் ஒன்று. மண்வாசனை, மானுடம், நம்பிக்கை தரும் குரல் என்று நாலு வார்த்தை போட்டுக் கீழே ஒரு கையெழுத்து. யாருக்கும் நஷ்டமில்லை.

தேநீரோடு வந்த அவர் மனைவி இந்துமதி இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். குளிக்க வேண்டுமென்றால் மூட்டுவலியோடு இருபத்திரண்டு படி இறங்கி முற்றத்துக்குப் போகிறவர்.

"குளியலறை வீட்டுக்குள்ளயே வரும்னா நான் ரெண்டு பொய் எழுதித் தர்றேங்க. கல்யாணம் ஆனதுலேருந்து உங்க எழுத்தைப் பிரதியெடுக்கிறேன். உங்க கை மாதிரியே வரும்."

நான் சிரித்தேன். உம்ராணிகர் சிரிக்கவில்லை.

"சேட், நீ இதைப் படிச்சியா?" என்று என்னைக் கேட்டார்.

படிக்கவில்லை. பக்கங்களை எண்ணியிருந்தேன்.

"நல்லா இருக்குடா," என்றார், யாரோ செத்த செய்தியைச் சொல்வதுபோல. "பாவி, நல்லா எழுதியிருக்கான்."

அதில் ஒரு கவிதை. கொத்துவேலைக்காரியின் குழந்தை கட்டி முடிக்காத மாடியில் தூங்குகிறது. இன்னும் சுவர் எழும்பாத பக்கம் உருண்டுவிடாமல் இருக்க, அதன் காலில் கயிறு கட்டி ஒரு கம்பியில் முடிந்திருக்கிறாள் அம்மா. அந்தக் குழந்தை ஜகதாளேதான். கைப்பிரதியைத் தொடாமலே உம்ராணிகர் அதை முழுக்கச் சொன்னார்.

அப்படியானால் வேலை சுலபம், உண்மையும் ஆச்சு, வீடும் ஆச்சு என்றேன்.

என்னை ஒரு மட்டமான கவிஞனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பாராட்டினால் ஊர் முன்னுரையைப் படிக்காது, என் புது விலாசத்தைத்தான் படிக்கும் என்றார். கிழவன் மூன்றாவது மாடிக்கு விலைபோனான் என்பார்கள். என் பேர் போனால் போகட்டும். அந்தக் கவிதையும் கூடவே போகும். திட்டினால், வாழ்க்கையில் நான் எழுதும் முதல் பொய் அதுதான். எழுதாமலே விட்டால் அதற்கும் திட்டு என்றுதான் அர்த்தம்.

எந்தப் பக்கம் விற்றாலும் கையைக் கடிக்கிற சரக்கை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவர் இழுப்பறையைத் திறந்து ஒன்பது பக்கங்களை எடுத்துப் போட்டார். எழுதியே வைத்திருக்கிறார். நான் அவசரமாகப் பத்திரத்தை வெளியே எடுத்தேன். அதை உள்ளே வை என்று கையசைத்தார்.

இந்துமதி பக்கங்களைக் கையில் எடுத்தார். அவர் கைக்குத் தப்பி அந்த வீட்டில் எழுதப்பட்டது இது ஒன்றுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கையெழுத்துக்குக் கீழே இடம், தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். உம்ராணிகர் எப்போதும் வருஷத்தைத் தப்பாகப் போடுகிறவர்.

இந்தத் தடவை வருஷம் சரியாக இருந்தது. தேதி, அடுத்த மாதம் ஒன்று. இடம், புணே இல்லை. மிரஜ்.

மிரஜில் இந்துமதியின் தம்பி இருக்கிறான். அவன் சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருக்கிறது. அவன் மனைவியோடு இந்துமதி பேச்சுவார்த்தையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது.

அவர் அந்த ஒரு வரியையே வெகுநேரம் படித்தார். உம்ராணிகர் மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"சாமான் கட்டப் பதினோரு நாள்தாங்க இருக்கு," என்றார் இந்துமதி. தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

படி இறங்கும்போது பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். ஜகதாளேக்கு முன்னுரையும் காலி வீடும். கவிதைக்கு நியாயம். உம்ராணிகருக்குக் கறைபடாத பேர். எனக்கு ஒரு நல்ல புத்தகம். எல்லாம் வரவு.

பற்று மொத்தமும் ஒரே ஒருத்தர் பேரில் விழுந்திருந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.